கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்?

கிட்டார் கற்க வரும் பிள்ளையின் விரல் நுனி முதல் மூன்று மாதம் கன்றிப்போய்த்தான் ஆக வேண்டும் என்று எந்த அரசிதழில் சட்டம் வந்தது? முப்பத்தைந்து வருடம் அரசாணைகளையும் சுற்றறிக்கைகளையும் கோப்பில் கோத்து நூல் கட்டியவன் நான். அப்படி ஓர் ஆணை என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் எங்கள் மேலூரிலிருந்து மதுரை வரை நான் பார்த்த பல கிட்டார் வகுப்புகளில் அந்தச் சட்டம்தான் அமலில் இருக்கிறது. "வலிக்கத்தான் செய்யும், காய் காய்த்தால் சரியாகிவிடும்" என்பது அதன் முதல் பிரிவு. "வலி தாங்காதவனுக்கு வாத்தியம் எதற்கு" என்பது இரண்டாம் பிரிவு. மேல்முறையீட்டுக்கு இடமே கிடையாது.

கொஞ்சம் வலி இருக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை. இரும்புக் கம்பியை அழுத்தினால் புது விரல் சில வாரம் எரியும். நான் சண்டை போடுவது அந்த எரிச்சலோடு அல்ல. தவறான கம்பியைப் பூட்டிவிட்டு, அதனால் வரும் வலியைப் பயிற்சி என்றும் தவம் என்றும் பெயர் சூட்டுவதோடுதான் என் சண்டை.

இந்தச் சட்டத்துக்கு ஆதரவாக ஒரு பழமொழி எப்போதும் தயாராக இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேட்ட உடனே எல்லோரும் சிரிக்கிறோம். கூடத்தை அளந்து பார்த்துவிட்டு யாராவது சிரித்தோமா?

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை. ஒரு கோடை விடுமுறையில் அவள் அப்பா மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் பெரியவர்கள் வாசிக்கும் அளவில் ஒரு கிட்டார் வாங்கி வந்தார். சொல்லிக்கொடுத்தவர், "கடையில் போட்டுத் தரும் கம்பி தேறாது, நல்ல செட்டாக மாற்றுங்கள், மீடியம் போதும்" என்றார். சட்டைக்கு ஸ்மால், மீடியம், லார்ஜ் இருப்பதுபோல மீடியம் என்றால் நடுத்தரம் என்று அப்பா நினைத்துக்கொண்டார். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

இரண்டு மாதம் அந்தப் பிள்ளை முயன்றது. "தாத்தா, அழுத்துனா கம்பி விரலுக்குள்ள போற மாதிரி இருக்கு. லேசா பிடிச்சா சத்தமே வரல" என்று என்னிடம் விரலைக் காட்டியது. வகுப்பில் கவனம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். கடைசியில் அப்பா என்னிடம் சொன்ன வார்த்தை இது: "இவளுக்குச் சங்கீதம் வராதுங்கய்யா. நம்ம வம்சத்துலயே கிடையாது." கிட்டார் பரண்மேல் ஏறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

வம்சத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் நான் பையிலிருந்த காலி உறையை எடுத்துப் பார்த்தேன். முதல் கம்பி 13 என்று அச்சடித்திருந்தது. பள்ளிக்கூட இரும்பு ஸ்கேலை வைத்துப் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பியின் உயரத்தை அளந்தேன். நாலு மில்லிமீட்டருக்கு மேல். இரண்டரை, மூன்றுக்குள் இருந்தால்தான் வளர்ந்த ஆளுக்கே வசதி. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் வம்சத்துக்கு வேலையே இல்லை.

அந்த 13 என்பது என்ன? முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் பதின்மூன்று பங்கு. இதைக் கேஜ் என்கிறோம். கடையில் ஒரு செட்டை அதன் முதல் கம்பியின் எண்ணை வைத்து 10, 11, 12, 13 என்று அழைக்கிறார்கள். பத்துக்கும் பதின்மூன்றுக்கும் வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமன்தான். அதனால்தான், "இதிலென்ன சார் பெரிய வித்தியாசம்" என்று கேட்கிறார்கள்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் வேறு. அவர்கள் கம்பியின் 'திரான்' என்ன என்று கேட்பார்கள். 'திரே' என்றால் இழுப்பது. 'திரான்' என்றால் இழுப்பு. ஆங்கிலேயன் கம்பி எவ்வளவு தடிமன் என்று கேட்கிறான். பிரெஞ்சுக்காரன் அது எவ்வளவு இழுக்கிறது என்று கேட்கிறான். விரலுக்குத் தெரிவது இரண்டாவது கேள்விக்கான பதில்தான். என் வாதம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

இழுப்புக்கான கணக்கை மரென் மெர்சேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1636-இல் வெளிவந்த தன் இசை நூலிலேயே எழுதி வைத்துவிட்டார். எங்கள் பள்ளிச் சோதனைக்கூடத்தில் ஒற்றைக் கம்பி பூட்டிய நீளப் பெட்டி ஒன்று இருக்கும். கம்பியின் நுனியில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு மீட்டிப் பார்ப்போம். எங்களுக்கு அது சோனோமேத்ர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது சுரமானி. மேல்நிலை வகுப்பில் செய்முறைத் தேர்வுக்கு இன்றும் அதை வைத்து நோட்டுப் போடுகிறார்கள். மதிப்பெண் வாங்கியதும் நோட்டை மூடிவிடுகிறார்கள். அந்த நோட்டைத் திறந்து பாருங்கள்: நீளமும் சுருதியும் மாறாமல் இருந்தால், தடிமன் கூடும்போது இழுப்பு அதன் வர்க்கமாகக் கூடும்.

வர்க்கம் என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. பத்துக்குப் பத்து நூறு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு நூற்று நாற்பத்து நான்கு. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று நூற்று அறுபத்தொன்பது. அதாவது 10 போட வேண்டிய இடத்தில் 13 போட்டால், ஒரு தலைமுடித் தடிமனுக்காக அந்தக் கம்பியில் 69 சதவீதம் கூடுதல் இழுப்பை ஏற்றுகிறோம். கிலோ கணக்கில் சொல்கிறேன். இருபத்தைந்தரை அங்குல நீளக் கம்பியுள்ள கிட்டாரில், வழக்கமான சுருதியில், 10 கேஜ் முதல் கம்பி சுமார் 7.3 கிலோ இழுக்கும். 11 என்றால் 8.9. 12 என்றால் 10.6. 13 என்றால் 12.4. இந்த எடை முழுவதையும் விரல் தூக்குவதில்லை. ஆனால் கம்பியை ஃபிரெட் வரை அழுத்தத் தேவைப்படும் பலம் இந்த இழுப்போடும், கம்பி நிற்கும் உயரத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. இரண்டும் ஒருசேரக் கூடினால் என்னவாகும் என்று அந்தப் பிள்ளையின் விரலைக் கேளுங்கள். கன்றுக்குட்டிக்கு வண்டிமாட்டு நுகத்தடியைப் பூட்டிவிட்டு, "நடக்கத் தெரியவில்லை" என்று சொல்லும் விவசாயி இந்தத் தாலுகாவில் ஒருவர்கூட இல்லை. வாத்தியத்தில் மட்டும் அதைச் செய்கிறோம்.

பெயர்களும் சேர்ந்து ஏமாற்றுகின்றன. மரப்பெட்டிக் கிட்டாரில் 'லைட்' என்று எழுதியிருந்தால் பொதுவாக அது 12. 'மீடியம்' என்றால் 13. நடுத்தரம் என்று நாம் நினைப்பது உண்மையில் கனத்த பக்கத்தின் ஓரம். எலெக்ட்ரிக் கிட்டாரில் 10-ஐயே 'ரெகுலர்' என்பார்கள். ஒரே கடையில், ஒரே அலமாரியில், இரண்டு அகராதி. ஆகவே சொல்லை நம்பாதீர்கள். எண்ணைக் கேளுங்கள்.

இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் பதில்களை நான் கேட்காமல் இல்லை. முதல் பதில்: கனத்த கம்பியில்தான் நாதம் வரும். இதில் உண்மை உண்டு. மரப்பெட்டிக் கிட்டாரில் கனத்த கம்பி மேல்பலகையை நன்றாக அசைக்கும், சத்தம் பெரிதாக வரும். ஆனால் நாதத்துக்கு உதாரணமாக இவர்கள் காட்டும் அமெரிக்கக் கலைஞர் ஸ்டீவி ரே வானைப் பாருங்கள். அவர் 13 போட்டு வாசித்தது உண்மை. கூடவே கிட்டாரை அரைச் சுரம் இறக்கிக் கட்டினார் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? அரைச் சுரம் இறக்கினாலே இழுப்பு பதினோரு சதவீதம் குறைந்துவிடும். அப்படியும் விரல் தோல் பிய்ந்து, பசை போட்டு ஒட்டிக்கொண்டு வாசித்திருக்கிறார். அது அவர் விருப்பம். அதை எட்டாம் வகுப்புக்குப் பாடத்திட்டமாக வைக்க முடியாது. இன்னொரு பக்கம் பி.பி. கிங் 10 வைத்துத்தான் வாசித்தார். இவ்வளவு கனத்த கம்பியோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய் என்று அவர் கேட்ட பிறகே தான் மெல்லிய கம்பிக்கு மாறியதாக பில்லி கிப்பன்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பி.பி. கிங்கின் கிட்டாரில் நாதம் இல்லை என்று சொல்ல யாருக்காவது தைரியம் உண்டா?

இரண்டாவது பதில்: கஷ்டப்பட்டால்தான் கலை வரும். கஷ்டப்பட்டவர்களையே சாட்சிக்கு அழைக்கிறேன். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த டோனி அயோமிக்குப் பதினேழு வயதில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. இடது கைக்காரரான அவருக்குக் கம்பி அழுத்தும் கையே அதுதான். அவர் என்ன செய்தார்? பிளாஸ்டிக்கில் விரல்நுனி செய்து மாட்டிக்கொண்டார். கனத்த கம்பியைத் தூக்கி எறிந்தார். மெல்லிய செட் கிடைக்காத காலத்தில் பாஞ்சோவின் கம்பியை எடுத்துப் போட்டார். பிறகு சுருதியையும் இறக்கினார். அந்தக் கம்பிகளிலிருந்துதான் பிளாக் சாபத் குழுவின் கனத்த ஓசை வந்தது. பிரான்சில் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928-இல் வண்டி தீப்பிடித்து இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கியும் மகா கலைஞர் ஆனார். அவர் வழியில் இன்றும் வாசிப்பவர்கள் 10 அல்லது 11 போடுகிறார்கள். இவர்களெல்லாம் படாத கஷ்டம் இல்லை. கம்பியைக் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது இவர்களில் யாருக்கும் அவமானமாகத் தோன்றவில்லை.

மூன்றாவது பதில்தான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது: நம் மரபில் குருவும் வாத்தியமும் கேள்விக்கு அப்பாற்பட்டவை என்பது. எந்த மரபில்? திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு போட்டியிட வந்த சீவகன், கையில் கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாகக் குறை சொல்லித் தள்ளுகிறான். மரத்தில் இன்ன குறை, நரம்பில் மயிர் இருக்கிறது என்று நரம்பைப் பிரித்தே காட்டுகிறான். சபையில் இருந்தவர்கள் கூடம் கோணல் என்று சிரிக்கவில்லை. வியந்தார்கள். கச்சேரி மேடைக்கு வாருங்கள். ஆண் சுருதித் தம்புராவுக்குப் போடும் கம்பியைப் பெண் சுருதித் தம்புராவுக்குப் போடுவதில்லை. பாடுகிறவரின் குரலுக்குச் சுருதி, சுருதிக்குக் கம்பி. இதுதான் நம் வரிசை. கம்பிக்குத் தக்கபடி பாடகரை மாற்றச் சொன்ன வித்வான் யாரும் இல்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்க வேண்டிய வாத்தியத்தில் ஐந்து ஒற்றைக் கம்பிகள் பூட்டினார். நம் கமகத்துக்குக் கம்பி வளைய வேண்டும், அதற்காக.

கமகம் என்றதும் இன்னொன்று. வீணையில் ஒரே மெட்டில் கம்பியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களைக் காட்டுகிறார்கள். நம் சினிமாப் பாட்டின் மெட்டையே கிட்டாரில் வாசிக்க வேண்டுமென்றாலும் இந்த இழுப்பு வேண்டும். 13 கேஜ் செட்டில் அதை முயன்று பாருங்கள். அதிலும் மரப்பெட்டிக் கிட்டாரின் மூன்றாவது கம்பி, மேலே இன்னொரு கம்பி சுற்றியது, அசையாது. எலெக்ட்ரிக் கிட்டாரின் 10 செட்டில் அதே மூன்றாவது கம்பி சுற்றில்லாத வெறும் கம்பி, சொன்னபடி வளையும். நம் இசைக்கு எது பொருந்தும் என்று தீர்மானிக்க வெளிநாட்டு நிபுணர் வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இளையராஜாவின் பெயரைத்தான் சொல்வார்கள். பழைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரம் பெற்ற பிள்ளை, சொல்லத்தான் வேண்டும். அவர் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வில் தங்கப்பதக்கம் வாங்கியது கிளாசிக்கல் கிட்டாரில். கிளாசிக்கல் கிட்டாரில் பூட்டுவது நைலான் கம்பி. ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். மரப்பெட்டிக் கிட்டாரில் 12 செட் போட்டால் ஆறும் சேர்ந்து 70 கிலோவைத் தாண்டும். அவர் பெயரைச் சொல்லி மிரட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த 40, 70 கணக்கில் ஒரு பெரும் பாவமும் நடக்கிறது. நைலானுக்கென்று செய்த கிட்டாரில், "சத்தம் பத்தவில்லை" என்று இரும்புக் கம்பியைப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே மெல்லிய சட்டங்கள் தாங்குவது 40 கிலோவுக்குத்தான். சில மாதத்தில் மேல்பலகை வயிறு ஊதும், பிரிட்ஜ் பெயரும், கழுத்து வளையும். மதுரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் வைத்துவிட்டால் பசை இன்னும் சீக்கிரம் விடும். "மட்டமான கிட்டார்" என்று வாத்தியத்தைத் திட்டுவார்கள். வளைந்தது கழுத்து, குற்றம் பூட்டினவன் கையில்.

நான் மெல்லிய கம்பிக்கு ஏஜென்ட் என்று நினைத்துவிட வேண்டாம். மெல்லிசுக்கும் இடம் பொருள் உண்டு. பலமாக அடித்து வாசிக்கிற கைக்கு 10 கேஜ் கம்பி துவளும், ஃபிரெட்டில் உரசிக் கரகரக்கும், அழுத்தி விட்டால் சுருதி ஏறும். மைக் இல்லாமல் கோயில் பாடற்குழுவுக்குத் துணை வாசிப்பவர் 12 போடுவதுதான் சரி. சின்னப் பிள்ளைகளின் முக்கால் அளவுக் கிட்டாரிலும் மிக மெல்லிய கம்பி போடக் கூடாது. அங்கே கம்பியின் நீளம் குறைவு; நீளம் குறைந்தால் இழுப்பும் அதன் வர்க்கமாகக் குறையும். 58 சென்டிமீட்டர் நீளத்தில் 12 கேஜ் போட்டாலும் முழு அளவுக் கிட்டாரில் 11 போட்டதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். நைலான் விரலை அறுக்காது. ஆனால் அதன் கழுத்து அகலம், சின்னக் கைக்கு எட்டாமல் போகலாம். ஆகவே விதி ஒன்றே ஒன்று. கை, வாத்தியம், சுருதி மூன்றையும் பார்த்துவிட்டு எண்ணைத் தீர்மானியுங்கள். எண்ணைத் தீர்மானித்துவிட்டுக் கையைத் திட்டாதீர்கள்.

பெற்றோருக்கு வேலை சுலபம். கடையில் "ஒரு செட் கம்பி" என்று கேட்காதீர்கள். முழு அளவு மரப்பெட்டிக் கிட்டாரில் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு 10 அல்லது 11 என்று எண் சொல்லிக் கேளுங்கள். உறையைத் தூக்கி எறியாமல் பையிலேயே வையுங்கள். அடுத்த முறை மாற்றும்போது அதுதான் ஆவணம். கம்பியின் உயரத்தைப் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். முதல் ஃபிரெட் பக்கம் உயரம் அதிகமென்றால், வாத்தியம் பழுது பார்ப்பவர் நட்டின் பள்ளத்தை அரம் போட்டுக் குறைத்துத் தருவார். எஃப் கார்டு வராமல் அழும் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஒரு வேலையே போதும். கனத்த செட்டிலிருந்து மெல்லிசுக்கு மாறினால் கழுத்தின் வளைவு சற்று மாறிக் கரகரக்கலாம். கழுத்துக்குள் இருக்கும் கம்பியைச் சாவி போட்டுத் திருத்தினால் சரியாகிவிடும். புது செட் வாங்க இப்போது கையில் காசு இல்லையா? இருக்கிற கம்பியையே ஒரு முழுச் சுரம் இறக்கிக் கட்டுங்கள். இழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சுருதி சேர வேண்டுமென்றால் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போவை மாட்டிக்கொள்ளலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை, கேப்போவைத் தவிர.

சொல்லிக்கொடுப்பவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை. அவர்களில் பலர் தாங்களும் அப்படித்தான் விரல் கிழியக் கற்றார்கள். அந்த உழைப்புக்கு என் வணக்கம். ஆனால் முன்னால் இருந்தவர் பட்டார் என்பதற்காகப் பின்னால் வருபவரும் பட வேண்டும் என்று எழுதுவதை அலுவலகத்தில் முன்னுதாரணம் என்போம். தவறான முன்னுதாரணத்தைக் காட்டி எத்தனை மனுக்கள் தள்ளுபடியாயின என்பதை என்னைப் போன்ற குமாஸ்தாவைக் கேட்டால் தெரியும். மனுவைத் தள்ளும் முன் இணைப்புகளைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு பிள்ளையை "உனக்கு வராது" என்று அனுப்பும் முன் அவள் கிட்டாரின் கேஜ் என்ன, உயரம் என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

கம்பி செட்டின் விலை சில நூறு ரூபாய். அது பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாதம் வேறு எண் வாங்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், "நம் வம்சத்துக்குச் சங்கீதம் வராது" என்று காதில் விழுந்துவிட்டால் அதைக் கழற்றி மாற்ற எந்தக் கடையிலும் ஆள் கிடையாது.